கோச் ஓம் என்றார், கடிதம் எங்கே?

போன ஞாயிறு ரியூசன் முடிந்து எல்லோரும் சைக்கிள் எடுக்கிற நேரம், ஒரு பெடியன் மட்டும் படலையடியில் நின்றான். கோலூன்றிப் பாய்கிறவன், 4.20 மீற்றர் தாண்டியிருக்கிறான், பௌதிகவியலிலும் கெட்டிக்காரன். "ரீச்சர், அமெரிக்காவில விளையாட்டைப் பாத்தும் கம்பசுக்கு எடுப்பினமாம், உண்மையோ?" என்று கேட்டான்.

உண்மைதான். ஆனால் ஓம் என்று ஒரு சொல்லில் சொல்லி அவனை அனுப்ப மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தச் சொல்லை நம்பி எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று மாதக்கணக்கில் பட்ட பாட்டை அறிந்தவள் நான்.

அக்கா குடும்பம் பொஸ்ரனில். இரண்டு வருடத்துக்கு முன் ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தார்கள். என் பெறாமகள் 1500 மீற்றர் ஓடுகிறவள், அப்போது பள்ளியின் கடைசி வருடம் தொடங்க இருந்தது. விடுமுறை என்று ஒரு நாள்கூடப் படுத்துக் கிடக்கவில்லை, விடிய ஐந்து மணிக்கு முன்பே எழும்பி, நாய்கள் துரத்தத் துரத்த கே.கே.எஸ். வீதியால் ஓடிவிட்டு வருவாள். ஒருநாள் இரவு எட்டரைக்கு, அங்கே காலை பதினொரு மணி, ஒரு கல்லூரியின் கோச் போனில் கோல் எடுத்தார். வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை என்று கிணற்றடிக்குப் போய் நின்று கதைத்தாள். நான் குசினியில் பனங்காய்ப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். ஓடிவந்து, "சின்னம்மா, அவர் ஓமெண்டு சொல்லிட்டார்! ஃபுல் சப்போர்ட்டாம்! இனி மற்ற கோச்மாரோட கதைக்கத் தேவையில்லையாம்!" என்றாள். அக்கா அழுதுவிட்டா. நான் கை கழுவாமலே பிள்ளையைக் கட்டிப்பிடித்தேன், அவளுடைய வெள்ளை ரீசேட்டில் என் பனங்களி விரல்கள் ஐந்தும் மஞ்சளாகப் பதிந்தன. அந்தக் கறை இன்னும் போகவில்லையாம்.

எங்களுக்கு அன்று விளங்காத விஷயம் இதுதான்: கோச் ஓம் என்பது கல்லூரி ஓம் என்பது அல்ல. பிள்ளைகளை எடுப்பது அனுமதி அலுவலகம். கோச் தனக்கு வேண்டியவர்களின் பெயரை அங்கே கொடுக்கிறார், அவ்வளவுதான். பள்ளியின் கடைசி வருடத்துக்கு முந்தின வருடம் முடிந்த கோடையில் பல கல்லூரிகளில் ப்ரீ-ரீட் என்று ஒன்று செய்வார்கள், புள்ளிகளையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் அனுமதி அலுவலகம் முன்கூட்டியே பார்த்து, இந்தப் பிள்ளைக்கு இடமிருக்குமா என்று கோச்சுக்கு ஒரு சாடை காட்டும். ஹார்வர்ட், யேல், கோர்னெல் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்த ஐவி லீக்கில் புள்ளியையும் பரீட்சையையும் சேர்த்து அகடமிக் இண்டெக்ஸ் என்று ஓர் எண் கணக்கிடுகிறார்கள், எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்த எண் மிகவும் தாழ்ந்தால் கோச்சால் ஒன்றும் செய்யமுடியாது. அங்கே எழுத்தில் வரும் முதல் நம்பிக்கை லைக்லி லெட்டர், அது ஒக்டோபர் 1க்குப் பிறகுதான் வரும், அதை அனுப்பும் அதிகாரமும் அனுமதி அலுவலகத்துக்கு மட்டும்தான். எம்.ஐ.டி.யில் அந்தக் கடிதமும் இல்லை, கோச் பரிந்துரைக்கலாம், மிச்சம் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்த போட்டி.

கோச்சின் பரிந்துரைக்குப் பலம் இல்லை என்று சொல்ல வரவில்லை. மாணவரை எடுக்கும் முறை பற்றி 2018 இல் ஹார்வர்டுக்கு எதிராக நடந்த வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, கோச் தெரிவு செய்த விளையாட்டு வீரர்களில் 86 வீதம் பேர் எடுபட்டிருக்கிறார்கள், மற்றவர்களில் நூற்றுக்கு ஆறேழு பேர்கூட இல்லாத இடத்தில். அதனால்தான் 2019 இல் பிடிபட்ட பணக்காரப் பெற்றோர் சிலர், படகே வலிக்காத பிள்ளையைப் படகு வலிப்பவர் என்று காட்டப் படம் எடுத்து, கோச்மாருக்குக் காசும் கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய கதவின் திறப்பு ஒருவருடைய வாய்ச்சொல்லில் தொங்குவதுதான் எனக்குப் பயம்.

சரி, கதைக்கு வருகிறேன். மற்ற மூன்று கோச்மாருக்கும் அவள் நன்றி சொல்லி எழுதிவிட்டாள். ஒக்டோபர் முழுக்க இந்தக் கோச்சிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. முன்கூட்டியே முடிவு சொல்லும் ஏர்லி டிசிஷன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நவம்பர் 1, அதற்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு சின்ன மின்னஞ்சல் வந்தது. வேகம் கூடிய இன்னொரு பிள்ளை கிடைத்திருக்கிறது, உனக்கு முழு ஆதரவு தரமுடியாது, விரும்பினால் விண்ணப்பி என்று. அவ்வளவுதான். விண்ணப்பித்தாள், வேறு என்ன செய்வது. டிசம்பர் நடுவில் வந்த பதில் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை, மார்ச் வரை காத்திரு என்றது, மார்ச்சில் இல்லை என்றார்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்த பெரிய மனிதர் ஒரு கோல் எடுத்தாவது சொல்லியிருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏர்லி டிசிஷன் என்பது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் அப்படிப் போடலாம், பிள்ளை, பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையொப்பம் வைக்கவேண்டும், கிடைத்தால் மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெற்றுவிட்டு அங்கேயே போகவேண்டும். தருகிற உதவிப்பணம் போதவே போதாது என்றால் விடுபடலாம், ஆனால் வேறொரு கல்லூரி எவ்வளவு தரும் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வழியில்லை. வசதி உள்ளவருக்கு அது கவலையில்லை. எங்களைப் போல விலை கேட்டுத்தான் மீனே வாங்குகிற குடும்பங்களுக்கு அது பெரிய இழப்பு. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006 இல் முன்கூட்டி எடுப்பதையே நிறுத்துவதாக அறிவித்ததற்கு வசதி குறைந்த பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்பதுதான் காரணம், 2011 இல் கட்டுப்பாடில்லாத வடிவில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்னொன்றையும் எங்கள் ஆட்கள் தெரிந்துகொள்ளவேண்டும்: ஐவி லீக்கிலும் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3 கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டும்தான். அக்கா கணக்குப் பார்க்காமலே கையொப்பம் வைத்திருந்தா. அந்தந்தக் கல்லூரியின் இணையத்தளத்திலேயே செலவைக் கணக்கிடும் பக்கம் இருப்பது பிறகுதான் தெரிந்தது, போட்டுப் பார்த்துவிட்டு அத்தான் கனநேரம் பேசாமல் இருந்தாராம். அவள் இப்போது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில். தானாகவே மைதானத்துக்குப் போய், ஓடிக் காட்டி, அணியில் சேர்ந்துவிட்டாள்.

இதையெல்லாம் படலையடியில் நின்றே அவனுக்குச் சொன்னேன், இருட்டிவிட்டது. இங்கே அவனுக்கு என்ன இருக்கிறது என்றும் யோசித்துப் பார்த்தேன். ஏ.எல். தொடங்கியதும் மைதானம் முடிந்தது என்பதுதான் எங்கள் வீடுகளின் சட்டம். பல்கலைக்கழகம் போக ஏ.எல். பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் இசட் புள்ளிதான் எல்லாம், தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்கு விசேட அனுமதி உண்டு, ஆனால் அந்த இடங்கள் மிகக் கொஞ்சம். இத்தனைக்கும் யாழ் மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கம், 1958 இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கம் வாங்கியவர், லொஸ் ஏஞ்சலிசில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்து, கோர்னெலில் கலாநிதிப் பட்டமும் எடுத்தவர். பாய்ச்சலும் படிப்பும் ஒன்றையொன்று தின்னும் என்று யார் சொன்னது?

அவனுடைய நிலைமை என் பெறாமகளுடையதைவிடக் கடினம். வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைப் பார்க்காமல் எடுக்கிற கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் போல. மற்றவை பெரும்பாலும் காசையும் பார்த்துத்தான் முடிவெடுக்கும். ஆனால் கோச்மாருக்குத் தானே எழுதலாம், அதற்கு முகவர் தேவையில்லை, ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. யாராவது ஓம் என்றால் கேட்கவேண்டிய கேள்விகளையும் சொல்லிக் கொடுத்தேன்: என் பெறுபேற்றை அனுமதி அலுவலகம் பார்த்துவிட்டதா, அவர்கள் என்ன சொன்னார்கள், இந்த வருடம் என்னைப்போல எத்தனை பேருக்கு நீங்கள் பரிந்துரைக்கிறீர்கள், என் கடிதம் எப்போது வரும். மரியாதை குறையுமோ என்று பயந்தான். குறையாது. கடிதம் வரும்வரை மற்றக் கோச்மாருக்கு எழுதுவதையும் நிறுத்தாதே என்றேன்.

நேற்றுப் பின்னேரம் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தான். தம்பி போனில் எடுத்த வீடியோவில் ஓடிவரும் பாதை முழுக்கத் தெரிகிறது, கோல் ஊன்றும் இடம் தெளிவு, ஆனால் சரியாகத் தடிக்கு மேலே போகும்போது தம்பி சந்தோசத்தில் துள்ள, படம் வானத்தைக் காட்டுகிறது. செவ்வாய்க்கிழமை திரும்ப எடுக்கிறார்கள். மின்னஞ்சலின் முதல் இரண்டு வரி எழுதி வைத்திருக்கிறோம்.