பிடித்த யானையை எங்கே விடுவது?

ஓர் உயிரினம் அற்றுப்போன மலையில் அதை மீண்டும் குடியேற்றுவதும், ஊருக்குள் வந்து தொல்லை தரும் விலங்கைப் பிடித்து வேறொரு காட்டில் விடுவதும் வெளிப்பார்வைக்கு ஒரே வேலைதான். ஆனால் முன்னதில் விலங்கைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றி யோசிக்கிறார்கள். பின்னதில் அதை அப்புறப்படுத்த வேண்டிய இடத்தைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள். தமிழ்நாட்டு வனத்துறையின் அண்மைக்கால நடவடிக்கைகளைக் கவனித்து வருகிற எனக்கு இந்த வேறுபாடே முக்கியமாகப் படுகிறது.

சின்னத்தம்பியின் கதை பலருக்கும் நினைவிருக்கும். 2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் அந்த யானைக்கு மயக்க ஊசி செலுத்தி, கும்கிகளை (பழக்கப்படுத்தப்பட்ட வனத்துறை யானைகளை) விட்டு நெட்டித் தள்ளி லாரியில் ஏற்றி, டாப்சிலிப்பை அடுத்த வரகளியாறு காட்டில் விட்டார்கள். சில நாட்களிலேயே, கழுத்தில் மாட்டிய, இருப்பிடம் காட்டும் ரேடியோ காலரோடு அது மலையிறங்கி உடுமலைப்பேட்டைப் பக்கம் வந்து, கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலையைச் சுற்றியுள்ள கரும்புத் தோட்டங்களில் தங்கிவிட்டது. விரட்டுவதற்கென்று கொண்டுவரப்பட்ட கும்கிகளோடே அது நட்பு பாராட்டியதைத் தொலைக்காட்சிகள் நாள்தோறும் காட்டின. பிப்ரவரி 15 அன்று மறுபடியும் பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள். இன்று அதுவும் ஒரு கும்கி. இடமாற்றத்தின் நிகர விளைவு, வனத்துறைக்குப் பணியாளர் ஒருவர் கூடியதுதான்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வளர்ந்த ஆண் யானைக்குத் தன் தண்ணீர்த் துறையும் வழித்தடமும் மனப்பாடம். புதிய காட்டில் அவை எதுவும் தெரியாது. காட்டில் நாளெல்லாம் அலைந்து மேய வேண்டியதைக் கரும்புத் தோட்டத்தில் ஓரிரவில் தின்றுவிடலாம் என்று ஒருமுறை கண்டுகொண்ட யானை, லாரியில் ஏற்றும்போது அந்த அறிவையும் கூடவே எடுத்துச் செல்கிறது. கேரளத்தின் சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடிபட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, ஒரு மாதத்துக்குள் கம்பம் நகரத்தின் தெருக்களில் ஓடியது. ஜூனில் தமிழ்நாடு அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறையின் மேல்கோதையாறு பகுதியில் விட்டது. அங்கே அது ஓரளவு நிலைகொண்டதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதே ஆண்டு செப்டம்பரில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டப் பகுதிக்கு வந்தபோது, சின்னக்கானல்காரர்களின் அச்சம் மாஞ்சோலைக்காரர்களுக்குக் கைமாறியிருந்தது.

வரையாட்டுத் திட்டத்தை இதனோடு ஒப்பிடலாம். ஏறத்தாழ 25 கோடி ரூபாயில் 2022 இறுதியில் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தில், பழைய வாழிடங்களில் வரையாடுகளை மீண்டும் விடுவதும் ஒரு பகுதி. அதற்கு முன் கணக்கெடுப்பு நடக்கிறது (2024இல் 1,031 ஆடுகள், 2025இல் 1,303). புல்வெளிகளை மீட்டெடுக்கும் வேலையும் திட்டத்தில் உண்டு. நிதானமான இந்த ஒழுங்கு யானைக்கு மட்டும் ஏன் வாய்ப்பதில்லை என்றால், வரையாட்டுக்காக யாரும் சாலை மறியல் செய்வதில்லை.

காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவு யானை இடமாற்றத்தைவிட நேர்மையானது என்பேன். காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கடலையும் மரவள்ளியும் பறிகொடுத்தவர்களுக்கு மூன்றாவது விதி ஓரளவு ஆறுதல் தரும். நடு வளையத்தின் விதிதான் உறுத்துகிறது. இரண்டு கிலோமீட்டர் தொலைவில் பிடித்துக் காட்டில் விடும் பன்றி, யானையைப் போல நூறு கிலோமீட்டர் நடக்க வேண்டியதில்லை. மறு இரவே அதே வரப்புக்கு வந்துவிடும். அந்த வளையத்தில் பிடிப்பதற்காகும் செலவை வேலிக்கும், தாமதமில்லாத பயிர் இழப்பீட்டுக்கும் திருப்பிவிடுவதே முறை.