பூனைக்குட்டிக்கு கண்ணு ஒட்டிப்போயிருந்தா வீட்ல இருக்க டிராப்ஸை ஊத்திடாதீங்க

எங்க வீடு பெரம்பூர்ல. போன கார்த்திகை மாசம் விடாம மழை, மாடிப்படிக்கு அடியில மோட்டார் பக்கத்துல ஒரு குட்டி கத்திக்கிட்டே இருந்துச்சு, குனிஞ்சு பாத்தா ரெண்டு கண்ணும் பூளை அப்பி ஒட்டிப்போயிருக்கு, மூக்கு ஒழுகுது, தும்மல் வேற. தாய்ப்பூனை ரெண்டு நாளா கண்ணுலயே படல.

பால் வச்சேன், மோந்துகூட பாக்கல (பசும்பால் குட்டிக்கு வயித்தால போக வைக்கும்னு அப்ப எனக்கு தெரியாது). மூக்கு அடைச்சுட்டா பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியலன்னா சாப்பிடாது. அடுத்த நாள் அம்மா நெத்திலியை உப்பில்லாம வேகவச்சு, முள்ளெடுத்து, சூடா மூக்குகிட்ட கொண்டு போனதும்தான் நாக்கை நீட்டுச்சு.

கண்ணை தொடைச்ச விதம் மட்டும் சரியா பண்ணியிருக்கேன். கொதிக்க வச்சு ஆறின வெதுவெதுப்பான தண்ணில பஞ்சை நனைச்சு கண்ணு மேல ஒரு நிமிஷம் வச்சே இருந்தேன், காஞ்ச பூளை ஊறி தானா இளகுச்சு, அப்புறம் மூக்கு பக்கத்துலேந்து வெளிய பாத்து மெதுவா ஒரே இழுப்பு. ஒரு தடவை தொடைச்ச பஞ்சை திரும்ப தொடக்கூடாது, அடுத்த கண்ணுக்கு புதுப் பஞ்சு. இழுத்துப் பிச்சா தோலோட வந்துடும்.

தப்பு பண்ணது இதுக்கு அப்புறம். அம்மாவுக்கு கேட்டராக்ட் ஆபரேஷன் பண்ணப்ப குடுத்த டிராப்ஸ் ஃப்ரிட்ஜ்ல பாதி மிச்சம் இருந்துச்சு, கண்ணு மருந்துதானேன்னு ரெண்டு நாள் அதை ஊத்திட்டேன். மூணாவது நாள் வலது கண்ணு கொஞ்சம் தெறந்துச்சு, இடது கண்ணு பால் ஊத்துன மாதிரி வெளுத்துப் போச்சு. அப்பதான் எனக்கு பயம் புடிச்சுது.

பழம் வாங்குற மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில பழைய நைட்டியை விரிச்சு, ஆட்டோ புடிச்சு வேப்பேரி வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போனோம். 1903லேந்து இருக்க காலேஜ் அது, தெருப் பூனைன்னு சொன்னாலும் பாப்பாங்க. டாக்டரம்மா ஆரஞ்சு கலர்ல ஒரு சின்ன பேப்பர் துண்டை கண்ணுல தொட்டுட்டு, தண்ணி விட்டு கழுவிட்டு, நீல லைட் அடிச்சாங்க. கருவிழி நடுவுல கடுகு சைஸ்ல பச்சையா மின்னுச்சு. அதான் புண்ணு. அம்மாவோட பாட்டிலை வாங்கி பாத்தவங்க மொகமே மாறிடுச்சு. அதுல ஆன்டிபயாடிக்கோட டெக்ஸாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டும் இருக்காம், கருவிழில புண்ணு இருக்கப்ப ஸ்டீராய்டு பட்டா ஆற விடாது, ஆழமாத்தான் போகும்னு சொன்னாங்க. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, "இப்பவாச்சும் வந்தியேம்மா, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஓட்டையே விழுந்திருக்கும்"னு அவங்கதான் சமாதானம் பண்ணாங்க.

பூனை ஹெர்பிஸ்னு ஒரு வைரஸ் இருக்கு, தெருக்குட்டிகளுக்கு வர்ற கண்ணு நோய்ல பெரும்பாலும் அதுதான் ஆரம்பமாம். மனுஷனுக்கு வராது, ஆனா மத்த பூனைக்கு தும்மல்லயே பரவும், தட்டு துணி எல்லாம் தனியா வைக்கணும்.

மருந்து டோப்ராமைசின்னு ஒரு ஆன்டிபயாடிக் டிராப்ஸ், கண்ணு காயாம இருக்க இன்னொரு டிராப்ஸ், வாய்க்கு டாக்ஸிசைக்ளின்னு இன்னொரு ஆன்டிபயாடிக். ரெண்டு டிராப்ஸுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷமாவது கேப் விடணும், இல்லன்னா ரெண்டாவது முதல்ல விட்டதை கழுவிட்டு போயிடும். டாக்ஸிசைக்ளின் தொண்டைக்குழாய்ல ஒட்டுனா அங்கயே புண்ணாக்குமாம், அதனால குடுத்ததும் ஊசியில்லாத சிரிஞ்சுல கொஞ்சம் தண்ணி, கடைவாய் ஓரமா சொட்டு சொட்டா.

முதல் நாள் முன்னாடி உக்காந்து ஊத்தப் போய் கையெல்லாம் கீறல். சோப்பு போட்டு ஓடுற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரில நாய்க்கடிக்குப் போடுற ரேபீஸ் ஊசி போட்டுக்கிட்டேன், தெருப் பூனை கீறுனா சின்னக் கீறல்தானேன்னு விடாதீங்க. அப்புறம் அம்மா ஐடியா குடுத்தாங்க: துண்டுல கொழுக்கட்டை மாதிரி சுத்தி, தலை மட்டும் வெளிய விட்டு, மடியில முதுகு நம்ம பக்கம் இருக்க மாதிரி வச்சுக்கிட்டு, தலைக்கு பின்னாடிலேந்து பாட்டிலை கொண்டு வரணும். பாட்டில் கண்ணுக்கு தெரியாத வரைக்கும் அது சும்மா இருக்கும். நுனி கண்ணுல படக்கூடாது. முன்னங்காலால கண்ணை தேய்ச்சுக்கிட்டே இருந்ததால அப்பாவோட பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வட்டமா வெட்டி, ஓரத்துல பிளாஸ்திரி ஒட்டி கழுத்துல மாட்டிவிட்டோம்.

பத்தாவது நாள் திரும்ப அந்த நீல லைட். பச்சை ஒரு புள்ளிதான். மூணாவது வாரம் அதுவும் இல்ல. எடுத்துட்டு வந்தப்ப 900 கிராம்தான் இருந்துச்சு, எடையும் ஏற ஆரம்பிச்சுடுச்சு.

வலது கண்ணு பளிச்னு இருக்கு. இடது கண்ணு நடுவுல வெள்ளையா தழும்பு நின்னுடுச்சு, அது போகாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அந்த ரெண்டு நாள் டிராப்ஸ் இல்லாம இருந்தா இந்த அளவுக்கு ஆயிருக்காதுன்னு இன்னிக்கும் எனக்கு மனசு அடிச்சுக்குது. இடது பக்கத்துலேந்து யாராச்சும் வந்தா தூக்கிப் போடும் அதுக்கு. அதனால அம்மா மீன் தட்டை எடுத்துட்டு வரப்ப, எவ்ளோ அவசரமா இருந்தாலும், சோஃபாவை சுத்திக்கிட்டு வலது பக்கமாத்தான் வந்து வைக்கிறாங்க.