மலை ஊரில் ஏறாமல் நடப்பது

அக்கா மகள் அக்டோபரில் ஆஸ்திரியாவில் நான் இருக்கும் இன்ஸ்ப்ரூக்குக்குப் படிக்க வருகிறாள். 1669இல் தொடங்கிய பல்கலைக்கழகம், படிப்பைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. நான் லீவில் காவேரிப்பட்டணம் வந்ததிலிருந்து வீட்டில் ஓடுவது மலையைப் பற்றிய பேச்சுதான். யாரோ போனில் காட்டிய படத்தில் வீடுகளுக்குப் பின்னாலேயே பனியும் பாறையுமாக ஒரு மலை நிற்கிறது. "தனியா அங்கெல்லாம் ஏறக் கூடாதுன்னு நீயே சொல்லிடு" என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். மாமா மாம்பழத்தை நறுக்கிக்கொண்டே, "கிருஷ்ணகிரியில சையது பாஷா மலையவே இவ ஏறினதில்ல, அங்க போயா ஏறப் போறா?" என்றார்.

ஏற வேண்டியதே இல்லை, அதுதான் விஷயம். நம் பக்கத்தில் மலை என்றாலே உச்சியில் ஏதாவது இருக்கும். தீர்த்தமலைக்குப் போனால் சாமி, ராயக்கோட்டைக்குப் போனால் கோட்டை. மூச்சு வாங்க மேலே போவோம், கும்பிடுவோம், பொரியைத் தின்றுவிட்டு இறங்குவோம். வேண்டுதல் இல்லாமல், வேலை இல்லாமல் மலையின் இடுப்பைச் சுற்றிச் சும்மா நடப்பதை நான் இன்ஸ்ப்ரூக் இருக்கும் டிரோல் மாநிலத்துக்குப் போன பிறகுதான் பார்த்தேன். ஊர்க்காரர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை செய்வது அதைத்தான். உச்சிக்குப் போகிறவர்கள் தனி ஜாதி, அவர்களை விட்டுவிடலாம்.

இன்ஸ்ப்ரூக் சின்ன நகரம். ஜனத்தொகை ஒரு லட்சத்து முப்பதாயிரம் இருக்கும். இன் ஆற்றங்கரையில் 574 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே நோர்ட்கெட்டே மலைத்தொடர், தெற்கே 2,246 மீட்டரில் பாட்ஷர்கோஃபெல். 1964இலும் 1976இலும் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடத்திய ஊர் என்பதால் எல்லோரும் பனிச்சறுக்கையே பேசுவார்கள். எனக்குப் பிடித்தது 'ஜே' பஸ். வடக்கு மலை அடிவாரத்தில் கிளம்பி, ஊரின் நடுவே புகுந்து, தெற்கு மலையின் கேபிள் கார் நிலையம் வரை போகும் சாதாரண டவுன் பஸ்.

முதலில் போக வேண்டியது வடக்கு மலைச்சரிவில் இருக்கும் ஹுங்கர்பர்க். ஏறத்தாழ நம் ஓசூர் உயரம். கட்டடக் கலைஞர் சாஹா ஹதீத் வடிவமைத்த நிலையங்களோடு 2007இல் திறந்த மலை ரயில் ஒன்று அங்கே போகிறது. விருந்தாளி வந்தால் அதில் கூட்டிப் போகலாம், நமக்கு ஜே பஸ் போதும். அங்கிருந்து ஆர்ஸ்லர் ஆல்மும் உம்ப்ரூக்லர் ஆல்மும் முக்கால் மணி நேர நடைதான். ஆல்ம் என்றால் கோடையில் மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகும் மலைக் கொட்டில். இப்போது பலவற்றில் சாப்பாட்டுக் கடையும் உண்டு. போகிற வழி மரம் ஏற்றும் லாரி போகிற அகலத்துக்கு மண் ரோடு. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு பாட்டிகள் போவார்கள், அவர்கள் நம்மை முந்துவார்கள். அதற்கெல்லாம் வருத்தப்படக் கூடாது.

பிரிவு வரும் இடமெல்லாம் மஞ்சள் பலகை இருக்கும். இடத்தின் பெயர், நடக்க எவ்வளவு நேரம், சிலவற்றில் ஒரு வட்டப் புள்ளி. புள்ளியே இல்லாவிட்டால் சுலபமான வழி, சிவப்பு என்றால் நடுத்தரம், கறுப்பு என்றால் கடினம். கறுப்பைப் பார்த்தால் திரும்பிவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் உட்காரும் நேரம் சேராது. அதை எழுதியவர் காலும் டிரோல்காரர் கால். நான் எப்போதும் ஒன்றரை மடங்காகத்தான் கணக்குப் போடுவேன்.

ஆல்மில் மோர் கிடைக்கும். பெரிய கண்ணாடி டம்ளரில், கெட்டியாக, பல் கூசும் குளிர்ச்சியில். உப்பு இல்லை, பெருங்காயம் இல்லை, கறிவேப்பிலைக்கு எங்கே போவது? அதனால் என் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் உப்பு இருக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் நான் மோரில் உப்புப் போடுவதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அவர்கள் மோரோடு ஜாம் தடவிய பலகாரம் சாப்பிடுவதை நான் எதுவும் சொன்னதில்லை. பழைய ரொட்டியையும் சீஸையும் பிசைந்து, வடை அளவுக்குத் தட்டிப் பொரித்து, சூப்பில் போட்டுத் தருவார்கள். பசியோடு போனால் அமிர்தம். ஆனால் அந்தச் சூப் பெரும்பாலும் மாட்டெலும்பில் வைத்தது. கறி சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

இந்த மண் ரோட்டில்தான் எனக்கு அந்த ஊரோடு பேச்சு வந்தது. கீழே எங்கள் அபார்ட்மெண்டில் லிஃப்டில் பார்த்தால் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். அதே ஆட்கள் காட்டில் எதிரே வந்தால் நின்று வணக்கம் சொல்லி, எங்கிருந்து வருகிறாய், ஆல்மில் இன்றைக்குக் கூட்டமா என்று கேட்பார்கள். ஜெர்மன் வகுப்பில் வாயைத் திறக்காத நான் இங்கேதான் திறந்தேன். மாடிவீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மா இரண்டு குச்சிகளை ஊன்றிக்கொண்டு கூடவே வந்து, என் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டே நடப்பார். வீட்டு வாடகைப் பத்திரத்தில் எதைக் கவனிக்க வேண்டும், எந்தக் குப்பை எந்தத் தொட்டியில் என்பதெல்லாம் அந்த நடையில் கிடைத்த பாடங்கள். ஒரு பெண் தனியாகக் காட்டு வழியில் போவதை அங்கே யாரும் ஒரு சேதியாகவே எடுத்துக்கொள்வதில்லை என்பதை அக்காவுக்கு நம்ப வைக்கத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டேன்.

வீட்டு நினைப்பு வாட்டும் நாளுக்கு ஆறாம் நம்பர் டிராம். 1900இலிருந்து ஓடும் தடம், ஊர் முடிந்ததும் நேரே காட்டுக்குள் நுழைந்துவிடும். லான்ஸில் இறங்கினால் புல்வெளி, சின்ன ஏரி, ஏற்றமே இல்லாத பாதை. செருப்பைத் தவிர எதைப் போட்டுக்கொண்டும் நடக்கலாம்.

கொஞ்சம் கால் பழகியதும் ட்சிர்பன்வேக். பாட்ஷர்கோஃபெலுக்குக் கேபிள் காரில் போய், அங்கிருந்து துல்ஃபைன் ஆல்ம் வரை ஏழு கிலோமீட்டர், இரண்டாயிரம் மீட்டரை ஒட்டியே போகும் வழி. ஊட்டியின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் ஊட்டியில் அந்த உயரத்தில் யூகலிப்டஸ் வானத்தைத் தொடுகிறது, இங்கே மரமே முடிந்துவிடுகிறது. ஊட்டி இருப்பது பதினோராவது அட்சரேகை, இது நாற்பத்தேழாவது, கோடை அவ்வளவு குறுகியது. கடைசியாக நிற்பது ட்சிர்பே என்கிற ஒருவகைப் பைன். அதன் விதையை ஒரு காட்டுப் பறவை குளிர்காலத்துக்கென்று மண்ணில் ஒளித்து வைக்கும், தோண்டாமல் விட்டவை முளைக்கும். பாறை இடுக்கில் நாலைந்து கன்று ஒரே குழியில் நிற்பதைப் பார்க்கலாம். ஜூன் தொடக்கத்தில்கூடப் பள்ளங்களில் பனி கிடக்கும். துல்ஃபைன் பக்கம் இறங்கும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் கிளம்பக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை பிடிக்கும், காலையிலேயே போய்விட வேண்டும்.

அஞ்செட்டிக் காட்டுக்குள் நுழைய யானையை யோசிக்க வேண்டும், ஃபாரஸ்ட்காரரைக் கேட்க வேண்டும். ஆஸ்திரியாவில் 1975ஆம் வருஷத்துச் சட்டப்படி, காடு தனியாருடையதாக இருந்தாலும் யாரும் காற்று வாங்க நடந்து போகலாம். பயப்பட வேண்டியது மாட்டுக்குத்தான். சிரிக்காதீர்கள். நம் வீட்டு லட்சுமியைத் தடவிப் பழகிய கை அங்கேயும் நீளும். கன்றோடு மேயும் மாடு அது, மனுஷரை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. நாய் கூட இருந்தால் இன்னும் மோசம். 2014இல் டிரோலிலேயே ஸ்டூபாய் பள்ளத்தாக்குப் பக்கம் நாயோடு போன ஒரு பெண்ணை மாடுகள் மிதித்துக் கொன்றேவிட்டன. சுற்றிப் போய்விடுவது நல்லது. செப்டம்பரில் அதே மாடுகளுக்குப் பூவும் மணியும் கட்டி ஊருக்குள் ஓட்டி வருவார்கள், மாட்டுப் பொங்கல் தோற்றுப்போகும். கோடையில் மலையில் உயிர்ச்சேதம் ஏதாவது நேர்ந்திருந்தால் அந்த வருஷம் அலங்காரம் கிடையாது.

அக்கா எழுதி வைத்துக்கொண்டது இரண்டு. மலையில் அவசரம் என்றால் 140, எந்த நாட்டு சிம்மிலும் 112. ஹெலிகாப்டர் வந்து தூக்கினால் பில் நம் தலையில் விழலாம், அதனால் ஆல்பைன் கிளப் என்கிற மலையேறுவோர் சங்கத்தில் சேர்ந்துவிட வேண்டும். மீட்புக் காப்பீடு சந்தாவிலேயே அடக்கம்.

ஷூவை ஓசூரில் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் வந்து இறங்கும்போது பல ஆல்ம்கள் கதவைச் சாத்தத் தொடங்கியிருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அதற்கப்புறம் சாயங்காலம் ஐந்து மணிக்கே வெளிச்சம் போய்விடும். அதனால் முதல் மாதம் லான்ஸ் பக்கம் மட்டும், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பி.