முதல் அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்துப் பார்த்தோம்

தக்கலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறு சாயங்காலம் நாவல் வாசித்துப் பேசக் கூடுகிற ஆறு பேர் நாங்கள். போன வருஷம் தஸ்தாயெவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ எடுத்துப் பாதியில் விட்டோம். நாவல்மேல் ஒரு குறையும் இல்லை, பிசகு எங்கள் கணக்கில்தான். வாரம் நூறு பக்கம் என்று வைத்தோம். ஒருவர் முன்னால் ஓடிவிட்டார், ரெண்டு பேர் பின்தங்கிவிட்டார்கள். அதில் இவான் சொல்லும் விசாரணை அதிகாரி கதையை நான் வாசித்துவிட்டு நெஞ்சு கனத்து வந்தால், அதைப் பேச ஆள் இல்லை.

அதனால் இந்த முறை, ஒரு வருஷம் வாசிக்கிற மாதிரி நாவலைத் தேர்ந்தெடுக்கவே மூன்று ஞாயிறு ஒதுக்கினோம். ‘பொன்னியின் செல்வன்’ நாலு பேர் ஏற்கெனவே படித்தது. நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ பக்கத்து இரணியல் கதை, எங்கள் வீட்டுப் பேச்சு அப்படியே இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த நாவல், ஆனால் ஒரு வருஷத்துக்குக் காணாது. மிஞ்சியது டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’. டி.எஸ். சொக்கலிங்கம் தமிழில் தந்தது எங்களிடம் ரெண்டு செட் இருந்தது. மற்றவர்கள் மாட் தம்பதியின் ஆங்கில மொழிபெயர்ப்பை போனில் இறக்கிக்கொண்டார்கள்.

என்னை இழுத்தது அத்தியாயக் கணக்கு. ரஷ்ய மூலத்தில் 361, மாட் பதிப்பில் 365. பெரும்பாலும் குட்டி அத்தியாயங்கள். ஒரு நாளைக்கு ஒன்று வாசித்தால் ஒரு வருஷம். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிற அண்ணன், பால் எடுத்து முடித்து வந்து சோறு தின்னுமுன் ஒன்றை முடித்துவிடலாம் என்றார்.

இருந்தாலும் கணக்கை மட்டும் நம்பவில்லை. முதல் அத்தியாயத்தை டீச்சர் சத்தமாக வாசித்தார். 1805 ஜூலை, பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு விருந்து. விருந்து கொடுக்கிற அன்னா பாவ்லோவ்னாவுக்கு இருமல். அதை அவள் ‘கிரிப்’ என்கிறாள்; அப்போது அது புதுச் சொல், பெரிய இடத்து ஆட்கள் மட்டும் சொல்வது. டீச்சர் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, “எனக்க பேரனுக்குத் தடுமல் பிடிச்சா மருமவ ‘வைரல்’னுதான் சொல்லுவா” என்றார். எல்லோரும் சிரித்தோம். அதே இடத்தில் முடிவு செய்தோம்.

முதல் மூன்று வாரம் பெயர்கள் படுத்தி எடுத்தன. “ஆரு ஆருக்க மவன்னே தெரியல்லியே” என்று தையல்கடை அக்கா புத்தகத்தையே மூடினார். நத்தாஷாதான் நத்தாலியா இலியீனிச்னா. அப்பா இலியா, அதனால் இலியீனிச்னா. நம்முடைய இனிஷியல்போலத்தான் என்று சொன்னதும் அக்கா பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, குடும்பம் குடும்பமாக எழுதத் தொடங்கினார். இப்போது அந்தத் தாள் இல்லாமல் கூட்டம் ஆரம்பிப்பதில்லை.

அத்தியாய எண்களும் சரிப்படவில்லை. முதல் பகுதியிலேயே மூலத்தில் 25, மாட் பதிப்பில் 28. இப்போது எண் சொல்வதை விட்டுவிட்டோம். “பியர் விருந்துக்குள்ளே வாற இடம் வரைக்கும்” என்று காட்சியைச் சொல்லிப் பிரிகிறோம்.

இது ஒன்பதாவது வாரம். ஆஸ்டர்லிட்ஸ் போருக்கு முந்தின ராத்திரி. தளபதிகள் திட்டம் வாசிக்கிறார்கள், ரஷ்யப் படைத்தலைவர் கிழவர் குட்டூசோவ் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். வாசித்தது குலசேகரம் அண்ணன். குரலைத் தாழ்த்தி, யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல வாசித்தார். கருப்பட்டிக் காப்பி ஆறிப்போனது, ஏத்தங்காய் வற்றலை யாரும் கடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, அந்தப் போரில் இளவரசர் ஆந்த்ரேய் அடிபட்டு விழுந்து வானத்தைப் பார்க்கும் அத்தியாயம். அதற்கு திண்ணை வேண்டாம், புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டைக்குப் போவோம் என்றார் டீச்சர். 1741இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. மரத்தடியில் விரிக்க அக்கா பாய் கொண்டுவருகிறார். மழை வராமல் இருக்க வேண்டும்.