டெஸ்ட்ஸ்டாண்டில் சீக்வென்ஸ் விட்டு சீக்வென்ஸ் மதிப்பைக் கொண்டுபோவது

நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டெஸ்ட்ஸ்டாண்ட், போர்டு போன்றவற்றைத் தானாக டெஸ்ட் செய்யும் மென்பொருள். அதில் ஒரு சீக்வென்ஸ் (வரிசையாக ஓடும் டெஸ்ட் ஸ்டெப்கள்) அளந்ததை இன்னொன்றுக்குத் தர பல வழிகள் உண்டு. அவசரத்தில் பலரும் குளோபலில், அதாவது பல சீக்வென்ஸும் தொடக்கூடிய பொது வேரியபிளில், போட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்த மதிப்பை யார் மாற்றினார்கள் என்று தேடும்போதுதான் அதன் விலை தெரியும். முதலில் பாராமீட்டர் (ஒரு சீக்வென்ஸை அழைக்கும்போது அதற்குக் கொடுக்கும் மதிப்பு), அது போதாத இடத்தில் மட்டும் மற்றவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டின் 5 வோல்ட் ரெயிலை (மின்சப்ளை லைனை) அளக்கும் துணை சீக்வென்ஸ் ஒன்று இருக்கிறது என்போம். அதற்கு இரண்டு பாராமீட்டர்: சேனல், வோல்ட். வேரியபிள்ஸ் பகுதியில் ஒவ்வொன்றின் மேலும் வலது கிளிக் செய்து 'பாஸ் பை ரெஃபரன்ஸ்' எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சேனல் உள்ளே மட்டும் போகிறது, டிக் வேண்டாம். வோல்ட் வெளியே வர வேண்டும், டிக் வேண்டும். பிறகு அழைக்கும் சீக்வென்ஸ் கால் ஸ்டெப்பில் வோல்ட்டுக்கு எதிரே லோக்கல்ஸ்.ரெயில்5 (அழைக்கும் சீக்வென்ஸின் சொந்த வேரியபிள்) என்று கொடுங்கள்.

வோல்ட்டில் டிக் இல்லாவிட்டால் துணை சீக்வென்ஸுக்குள் 5.02 சரியாகத் தெரியும். திரும்பி வந்தால் லோக்கல்ஸ்.ரெயில்5 பழைய 0-விலேயே நிற்கும். 4.75–5.25 லிமிட் டெஸ்ட் ஃபெயில் ஆகும், பழி போர்டு மேல் விழும். சேனலில் டிக் இருந்து, அதற்கு லூப் எண்ணை அப்படியே கொடுத்திருந்தால் இன்னும் மோசம். உள்ளே யாராவது சேனலை ஒன்று கூட்டினால் வெளியே ஓடும் லூப்பின் எண்ணும் கூடிவிடும். சேனல்கள் டெஸ்ட் ஆகாமலே தாண்டிப் போகும், ரிப்போர்ட்டோ பாஸ் என்று வரும்.

அதே சீக்வென்ஸ் கால் ஸ்டெப்பில் ஒவ்வொரு பாராமீட்டருக்கும் 'டீஃபால்ட்' டிக் ஒன்று உண்டு. அதை எடுக்காமல் விட்டால் உங்கள் மதிப்பு போகாது, பாராமீட்டரின் சொந்த மதிப்புதான் ஓடும். எரர் எதுவும் வராது.

ஃபைல் குளோபல்ஸில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அது அந்த ஃபைலுக்கு மட்டுமே சொந்தம். வேறு ஃபைலில் உள்ள சீக்வென்ஸை அழைத்தால், அங்கே ஃபைல் குளோபல்ஸ் என்பது அந்த ஃபைலுடையது. இரண்டு, இயல்பாக ஒவ்வொரு எக்ஸிக்யூஷனுக்கும் (ஓட்டத்துக்கும்) தனிப் பிரதி. பல போர்டுகளை ஒரே நேரத்தில் டெஸ்ட் செய்யும் பேரலல் மாடலில் நான்கு சாக்கெட் (போர்டுக்கு ஒரு டெஸ்ட் இடம்) ஓடினால் நான்கு பிரதி. பெரும்பாலும் நமக்கு வேண்டியதும் இதுதான். சீரியல் நம்பரை மெயின் சீக்வென்ஸுக்குக் கொண்டுபோக ப்ரீ-யூயூடி கால்பேக்கை (ஒவ்வொரு போர்டின் டெஸ்டுக்கு முன்பும் மாடல் அழைக்கும் சீக்வென்ஸை; யூயூடி என்பது டெஸ்ட் ஆகும் பொருள்) நம் ஃபைலில் மேலெழுதி, பாராமீட்டர்ஸ்.யூயூடி.சீரியல்நம்பரை ஃபைல் குளோபலில் வைத்தால் ஒரு சாக்கெட்டின் எண் இன்னொன்றில் கலக்காது. மேலெழுதிய பிறகு மாடலின் கால்பேக் ஓடாது. சீரியல் நம்பர் கேட்கும் ஸ்டெப்பும் உங்கள் பிரதியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டேஷன் குளோபல்ஸ் ஒரு மெஷினில் ஓடும் எல்லா ஃபைலுக்கும் பொது; அந்த மெஷினின் கான்ஃபிக் ஃபோல்டரில் தனி ஃபைலில் சேமிக்கப்படும். ஸ்டேஷன் எண் போன்றவற்றுக்கு அது சரி. டெஸ்ட் மதிப்புக்கு வேண்டாம்: சீக்வென்ஸ் ஃபைலை மட்டும் வேறு மெஷினுக்குக் கொண்டுபோனால் அங்கே அந்த வேரியபிள் இருக்காது, -17306 எரர் வரும். எல்லா சாக்கெட்டும் ஒரே மதிப்பைப் பார்ப்பதால் எழுதும் இடத்தில், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் விடும் லாக் ஸ்டெப்பும் வேண்டும்.

ரன்ஸ்டேட்.காலர்.லோக்கல்ஸ் வழியாக அழைத்தவரின் வேரியபிளை நேரடியாகத் தொடுவதைத் தவிருங்கள். அங்கே பெயர் மாறினால் இங்கே உடையும், அதுவும் ஓடும்போதுதான் தெரியும்.

கடைசியாக, 'நியூ த்ரெட்' போட்டு, அதாவது அழைத்ததோடு சேர்ந்தே தனியாக ஓடும்படி, அழைக்கும் சீக்வென்ஸ். ரெஃபரன்ஸ் சரியாக இருந்தாலும், அடுத்த ஸ்டெப் உடனே ஓடிவிடும். அளவீடு முடியாததால் லிமிட் டெஸ்ட் 0-வைப் படிக்கும். சீக்வென்ஸின் முடிவில் தானாகக் காத்திருக்கும் அமைப்பு இதற்கு உதவாது, ஏனென்றால் லிமிட் டெஸ்ட் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. நடுவில் வெயிட் ஸ்டெப் வைத்து, அந்த த்ரெட்டைக் குறிப்பிட்டு, டைம்அவுட்டும் கொடுங்கள். நேரத்தை மட்டும் எண்ணும் 500 மில்லிசெகண்ட் வெயிட் போட்டால் மீட்டர் கொஞ்சம் தாமதித்த அன்று மறுபடி 0 வரும்.