மேகம் இருந்தால் நல்லது

ஏப்ரல் 9
என் குதிரைக்குத் தலை உதறல் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

ஏப்ரல் 11
நடத்திக்கொண்டு போகும்போது ஒன்றுமில்லை. ஏறி உட்கார்ந்து கொஞ்சம் ஓட்டினால் போதும், தலையை வெடுக்கென்று மேலே தூக்கி உதறுகிறான். மூக்கில் குளவி கொட்டினாற்போல. ஓடிக்கொண்டே முன்னங்காலில் மூக்கைத் தேய்க்கப் பார்க்கிறான், அப்புறம் தும்மல். பயிற்சியாளர் "அடம்" என்கிறார். அடம் பிடிக்கிறவன் எதற்கு மூக்கைத் தேய்க்கிறான்?

ஏப்ரல் 15
சேணத்தை மாற்றியாயிற்று. வாய்க்குள் போகிற இரும்பைக் கழற்றிவிட்டு வெறும் மூக்குப்பட்டையோடு ஓட்டியும் பார்த்தாயிற்று. அதே உதறல்.

ஏப்ரல் 19
மழை. நிம்மதி.

ஏப்ரல் 24
டாக்டர் வந்தார். காதில் பூச்சி இல்லை. பல் சரி. கண்ணில் அழற்சி இல்லை. மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பை விட்டுத் தொண்டைப்பை இரண்டையும் பார்த்தார், பூஞ்சையும் இல்லை. "சுத்தமாக இருக்கிறது" என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு சொத்தைப் பல் இருந்திருந்தால் பிடுங்கிப் போட்டிருக்கலாமே.

ஏப்ரல் 25
வெயில். மோசம்.

ஏப்ரல் 30
வேலிக்கு அப்பால் ரேப்சீட் வயல், கடுகு இனத்துப் பயிர், மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. இங்கிலாந்தில் இந்த சாமர்செட்டில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் கை காட்டுகிறார்கள். ஆனால் கண்ணைத் துணியால் மூடினால் இவனுக்கு உதறல் பாதியாகிறது. மகரந்தத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

மே 6
டாக்டர் போனில் வெகுநேரம் பேசினார். முகத்து உணர்ச்சியைக் கொண்டுபோகும் டிரைஜெமினல் நரம்பின் மேல்தான் அவருக்குச் சந்தேகம். மின்சாரம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தபோது நல்ல குதிரைகளின் நரம்பு 10 மில்லிஆம்பியருக்குக் குறைந்து அசையவில்லையாம்; தலை உதறுகிறவற்றுக்கு 5 போதுமாயிருந்ததாம். அந்த நரம்பை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாலும் பழுது எதுவும் தெரிவதில்லை. பருவம் பார்த்து உதறுகிற ஒரு குதிரையைப் பருவம் இல்லாத காலத்தில் சோதித்தபோது நரம்பு சாதாரணமாகவே இருந்திருக்கிறது. அப்படியானால் அது கெட்டுப்போகவில்லை, தொட்டாற்சிணுங்கி ஆகிவிட்டது, அவ்வளவுதானே? ஏன் ஆனது என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றார்.

வெயிலைப் பார்த்தாலே தும்முகிற மனிதர்கள் உண்டு. அப்பாவும் அப்படித்தான்.

மே 7
காயடித்த குதிரைகளுக்குத்தான் அதிகமாக வருகிறதாம். இவனுக்கு எட்டு வயது. தொடங்குகிற வயதும் ஏறக்குறைய அதுதானாம்.

மே 12
மூக்கை மூடிக் கட்டுகிற வலை வந்தது. நாலில் ஒன்றுக்குத்தான் பெரிதாகக் கேட்குமாம். இன்று நன்றாகக் குறைந்தது. ஆனால் பாழாய்ப்போன மேகமும் இன்றைக்குத்தான் வந்து நிற்க வேண்டுமா? எதனால் என்று எப்படிச் சொல்வது?

மே 13
வலை. வெயில். குறையவில்லை.

மே 17
மரத்துப்போகிற ஊசி, முகத்தின் இரண்டு பக்கமும். கயிற்றில் சுற்ற விட்டோம், உச்சி வெயிலில். தலை அசையவே இல்லை. பயிற்சியாளர் வாயைத் திறக்கவில்லை. மருந்தின் வேகம் குறைந்ததும் மறுபடி உதறல். வலிதான். போன வருஷமும் வலிதான். அப்போது அதட்டினார்களே.

மே 18
ஊசியால் நரம்புக்கு மின்தூண்டல் கொடுக்கிற சிகிச்சை இருக்கிறது. அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்தாக வேண்டும். திங்கட்கிழமை. வானிலையில் வெள்ளி வரைக்கும் மேகமே இல்லை என்று போட்டிருக்கிறான்.