மூன்று மணிக் குரல்

நவம்பர் 4, செவ்வாய்

இன்றும் விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. சுங்கை சிப்புட்டில் இரவெல்லாம் மழை. ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போக வேண்டியதில்லை. தூங்கியிருக்கலாம். அந்தக் குரல் விடவில்லை. "கதவைச் சாத்தினவள் நீ."

தம்பியைச் சொல்கிறது. ஜூலையில் ஓர் இரவு குடித்துவிட்டு வந்து தட்டினான். நான் திறக்கவில்லை. மூன்று வாரத்தில் ஈரல் கெட்டு இறந்துபோனான். அதற்கு முன் எத்தனையோ இரவு திறந்து சோறு போட்டிருக்கிறேன். அதையெல்லாம் இந்தக் குரல் சொல்வதே இல்லை.

நவம்பர் 5, புதன்

இன்று வேதவசனத்தையே எடுத்துக்கொண்டது. "அந்நியனாயிருந்தேன், நீங்கள் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை." மத்தேயு 25. கர்த்தரே கைவிட்டார் என்று நினைத்து வேதாகமத்தை மூடிவைத்துவிட்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், வீட்டு ஜெபம். எல்லோரும் போனபின் போதகர் அம்மாவிடம் சொல்லி அழுதேன். "அப்படியெல்லாம் நினைக்காதீர்கள்" என்று அவர் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மத்தேயு 4-ஐத் திறந்தார். அங்கே சாத்தானும் வசனம் சொல்கிறான், 91-ஆம் சங்கீதத்திலிருந்து. சங்கீதத்தில் 'உன் வழிகளிலெல்லாம்' என்று இருக்கிறது; அவன் அதை விட்டுவிட்டுச் சொல்கிறான். இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்தே பதில் கொடுத்தார்.

பிறகு சகரியா 3. வீட்டுக்கு வந்தும் அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்கிறான். குற்றஞ்சாட்டச் சாத்தான் அவன் வலதுபக்கத்தில். அந்த அழுக்கு பொய்யில்லை. ஆனால் யோசுவா வாயே திறக்கவில்லை. அவனுக்காகக் கர்த்தர் பேசுகிறார். முப்பது வருடமாகப் பால் வெட்டுகிற எனக்கு இது நெஞ்சில் தைத்தது. ரப்பர் பால் காய்ந்த துணியை எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாது. கர்த்தரும் அதைத் துவைத்துக்கொண்டு வா என்று அவனிடம் சொல்லவில்லை. கழற்றச் சொல்லி, வேறு வஸ்திரம் உடுத்துவிக்கிறார்.

நவம்பர் 8, சனி

3 மணி. விளக்கைப் போட்டு உரக்கவே சொன்னேன்: "ஆம், அன்று சாத்தினேன். கர்த்தரிடம் அறிக்கையிட்டுவிட்டேன். உனக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக." உடனே அடங்கிவிடவில்லை. 1 யோவான் 3:20-ஐ வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன்: நம் இருதயமே நம்மைக் குற்றவாளி என்றாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர், சகலத்தையும் அறிந்தவர். சகலத்தையும் என்றால் நான் கதவைத் திறந்த இரவுகளையும்தானே? நாலரை வரை வாசித்தேன்.

நவம்பர் 10, திங்கள்

போதகர் அம்மா சொன்னதால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். கட்டணம் 1 ரிங்கிட். டாக்டர் தூக்கத்தைப் பற்றியும், குரல் காதில் விழுகிறதா மனதுக்குள்ளா என்றும் பொறுமையாகக் கேட்டார். மனதுக்குள்தான் என்றேன். மறுபடி வரச் சொன்னார். இது விசுவாசக் குறைவு என்று சபையில் சிலர் சொல்வார்கள்; நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிப் படுத்த எலியா தீர்க்கதரிசியை, தூதன் இரண்டு முறை தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் அவனோடு பேசிய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

நவம்பர் 12, புதன்

நான்கு மாதமாக அந்தக் குரல் என்னை ஒரு நல்ல காரியமும் செய்யச் சொன்னதில்லை. இன்று ஜெபத்தில் தம்பி மகன் நினைவு வந்தது. ஈப்போவில் இருக்கிறான், அடக்கத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசவே இல்லை. போன் செய்து அந்த இரவைச் சொன்னேன். வெகுநேரம் சத்தமே இல்லை.

"நானும் ஒருநாள் திறக்கவில்லை, அத்தை" என்றான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வருகிறான். நெத்திலி சம்பல் செய்ய வேண்டும்.